ஒன்று புள்ளி ஏழு

பிளாஸ்டர் இறுகக் கால் மணி நேரம்.
அதுவரை ஜாலான் பர்மாவில் மழை விடுமா என்று பார்ப்பேன்.
பிறகு கலிப்பரைத் துடைத்து
வேதமலரின் பற்களுக்குள் நுழைவேன்.

அவள் அப்போது பாயான் லெப்பாஸில்
நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.
வாய் மட்டும் என் மேசையில்,
வெள்ளையாக, ஈரமாக, நாக்கில்லாமல்.

மேலே ஆறு, கோரைப்பல் தொடங்கிக் கோரைப்பல் வரை.
ஒவ்வொன்றின் அகன்ற இடத்தில் முனைகளை வைத்து
மூச்சைப் பிடித்து எண்ணை எழுதுவேன்.
மறுபடி அளப்பேன். எண் மாறினால்
நடுங்கியது கைதான்;
பல் நடுங்குவதில்லை.

மேல்வரிசை நாற்பத்து நான்கு புள்ளி நான்கு.
கீழ்வரிசை முப்பத்தைந்து புள்ளி ஆறு.
நூற்றுக்கு எண்பது வருகிறது.
வர வேண்டியது எழுபத்தேழும் கொஞ்சமும்.
மேலே ஒன்று புள்ளி ஏழு மில்லிமீட்டர்
பிறக்கவே இல்லை.

"கம்பி போட்டால் சரியாகிவிடுமா?"
கம்பி இழுக்கும், திருப்பும், வரிசையில் நிறுத்தும்.
இல்லாத பல்லை
கம்பி எங்கிருந்து கொண்டுவரும்?

டாக்டர் ஊய் இரண்டு வழி சொன்னார்.
கீழ்ப்பற்களின் இடுக்கில் நாடா போன்ற அரத்தை விட்டு
முடியளவு முடியளவாகத் தேய்ப்பது.
அல்லது மேலே,
அரிசிபோல் சிறுத்துவிட்ட அந்த இரண்டு பற்களுக்கு
வெள்ளைப் பசையால் சதை வைப்பது.
வேதமலர் தாளை வாங்கிப் பார்த்தாள்.
எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் சில்லு பார்க்கிறவள்.
"எங்கள் லைனில் இதில் நூறில் ஒரு பங்குக்கே
முழுத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவோம் டாக்டர்.
சரி, இதில் ரிஜெக்ட் எது?
மேலா, கீழா?"

டாக்டர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.
விகிதத்துக்கு அது தெரியாது.
மேல்பல் சிறியதா, கீழ்ப்பல் பெரியதா என்று
அது சொல்வதே இல்லை.
இரண்டும் சேரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.
என் விவாகரத்துத் தாளிலும்
இப்படி ஒரு கட்டம் இருந்தது.
காலியாக விட்டேன்.

நோன்பு மாதம், ஆளில்லாத ஒரு மத்தியானம்
என் வாய்க்கும் அச்சு எடுத்து அளந்திருக்கிறேன்.
எழுபத்தேழு புள்ளி இரண்டு, அச்சுப் பிசகாமல்.
புத்தகத்தில் படம் போடலாம்.
கண்ணாடியில் பார்த்தால்
கீழே ஒரு பல் இன்னமும்
வகுப்புப் புகைப்படத்துக் கூச்சக்காரிபோல
பக்கத்துப் பல்லின் தோளுக்குப் பின்னால்.
யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேதமலர் வந்தாள்.
"தேய்க்க வேண்டாம். ஒட்டவும் வேண்டாம்.
மிச்சத்தைப் பாதி பாதியாக
இரண்டு பக்கமும் வைத்துவிடுங்கள்."
"இடைவெளி தெரியுமே."
"பக்கத்தில் வருகிறவருக்குத்தானே."

இருபத்திரண்டு மாதம்.
மாதம் நூற்றைம்பது வெள்ளி,
கன்னத்தில் குத்திய கம்பி, மெழுகு, கஞ்சி,
பசி தீராத ஒரு தீபாவளி, முறுக்கு வாசனை மட்டும்.
சிவப்பு ரப்பர் வேண்டாம் என்பாள்;
ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறம்.
ஒரு தடவை பிராக்கெட் கழன்று விழுந்ததை
டிஷ்யூவில் மடித்து, தேதி எழுதிக் கொண்டுவந்தாள்.
தொழில் புத்தி.

கம்பி கழற்றிய அன்று
மேல்பல் கீழ்ப்பல்லின் மேல் வந்து உட்கார்ந்த சத்தத்தை
இரண்டு மூன்று முறை அவளே செய்து கேட்டாள்.
டக்.
பிறகு கைப்பையிலிருந்து ஒரு கொய்யா,
காலையிலேயே வாங்கியது, நாற்காலியிலிருந்து இறங்காமலே.
டாக்டர் கத்துவதற்குள் கடித்துவிட்டாள்.

மீதியை என்னிடம் நீட்டினாள்,
"அளந்து பாருங்கள்."

பச்சைத்தோல் விளிம்பில் வெள்ளைப் பிறை.
அதன் மேல்வளைவில், இடத்தில் ஒன்று வலத்தில் ஒன்று,
கடிபடாமல் நின்ற
இரண்டு மெல்லிய வரப்புகள்.

கலிப்பர் டப்பாவிலேயே இருந்தது.
நான் மறுபக்கத்தில் கடித்தேன்.